மாமாவின் மோட்டார் பெட்டியும் வானத்துச் சிக்னலும்

மூன்று நாளாகக் காலையில் அந்தச் சிக்னல் வந்துகொண்டிருந்தது. டிஷ்ஷை ஒரு நட்சத்திரத்துப் பக்கம் திருப்பினால் இருக்கிறது, வேறு பக்கம் திருப்பினால் இல்லை. வசந்தா மேடம் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

பிள்ளைகளா, உங்கள் அப்பா நான் வெறும் எலக்ட்ரீசியன்தான். திருப்பரங்குன்றம் தாண்டித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் பெரிய டிஷ் ஆன்டெனாவைத் திருப்புகிற மோட்டார்கள் என் பொறுப்பு. வேற்று உலகங்களில் அறிவுள்ளவர்கள் இருந்து, ரேடியோ அலை அனுப்பினால் அதைப் பிடிப்பதற்கான டிஷ் அது. விஞ்ஞானி வசந்தா மேடம் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் காத்திருந்தது இந்த மாதிரி ஒரு சிக்னலுக்குத்தான்.

ஆனாலும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. காலையில் அந்த நட்சத்திரம் தாழ்வாக, தோட்டங்களை ஒட்டினாற்போல இருந்தது. த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்து பம்புசெட்டுகள் ஓடுகிற நேரமும் அதுதான். மோட்டார் ஓடினாலும் ரேடியோ இரைச்சல் கிளம்பும்; டிஷ்ஷில் விழுவது அதுதானோ என்று அவருக்குச் சந்தேகம். ஒரு மணி நேரம் மோட்டார்களை நிறுத்தச் சொல்லிக் கேட்டுவர என்னை அனுப்பினார். வெயிலில் வெண்டைச் செடி வாடிக் கிடக்கும்போது எந்த முகத்தோடு கேட்பது?

முதல் தோட்டத்துக்காரர் பெரியகருப்பன் எனக்கு முறைக்கு மாமா. வாயைத் திறந்ததுமே மடக்கினார்.

"ஏன் மாப்ள, அம்புட்டுத் தூரத்துல இருக்கவனுக்கு என் மோட்டாரு இடைஞ்சலா இருக்காக்கும்?"

"அவனுக்கு இல்ல மாமா, எங்களுக்கு. பேசுறது அவனா, உங்க மோட்டாரான்னு தெரியல."

சிரித்துவிட்டு, பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் அவரே சொல்லிவைத்தார். மறுநாள் காலை ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. சிக்னல் மட்டும் அப்படியே இருந்தது. மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியானால் பேசுவது அவன்தானோ என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வேடிக்கை பார்க்க மாமா வந்தார். "திருப்திதானா தாயி? வீட்டுல உக்காந்தே போன்ல நிப்பாட்டிட்டேன்" என்றார்.

மேடம் சட்டென்று திரும்பினார். "போன்லயா? அப்ப அந்தப் பெட்டிக்கு இன்னும் கரண்ட் போகுதுல்லண்ணே?"

கிணற்றடிக்கு வராமல் போனிலேயே மோட்டாரைப் போட, அணைக்க, சிம்கார்டு போட்ட பெட்டி மாட்டியிருப்பார்கள். மோட்டார் நின்றாலும் அந்தப் பெட்டி விழித்திருந்து ரேடியோ அலை அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். நான் மாமாவின் கிணற்றடிக்கு ஓடிப்போய் ஃபியூஸைப் பிடுங்கினேன். திரும்பி வந்தபோது திரையில் ஒன்றும் இல்லை.

மாமாவுக்கு முகம் சுண்டிப்போனது. "என்னால உங்க ஆளு இல்லாமப் போயிட்டானே தாயி" என்றார்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்குச் சாயங்காலம் எல்லாருக்கும் சொல்லியிருப்பேன்ணே. நல்ல வேளை, நீங்க வந்தீங்க."

மாமா டிஷ்ஷை அண்ணாந்து பார்த்தார். "நாளைக்கும் ஃபியூஸைப் பிடுங்கிடவா?" என்று கேட்டார்.

அதன்பிறகு மேடம் கேட்ட நாளெல்லாம் மாமாவும் பக்கத்துத் தோட்டக்காரர்களும் ஃபியூஸைப் பிடுங்கி வைத்தார்கள். நாம் ஆசைப்பட்ட பதில் கிடைக்கும்போதுதான் இன்னொரு தடவை சோதிக்க வேண்டும் என்று அங்கே கற்றுக்கொண்டேன். அப்படிச் சோதிக்க அக்கம்பக்கத்தாரின் தயவும் வேண்டும். வானத்திலிருந்து இன்றுவரை யாரும் பேசவில்லை. யாராவது பேசினால் எங்களுக்குக் கேட்கட்டும் என்று, வெண்டைக்குப் போகிற தண்ணீரை நிறுத்தி வைத்த மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன்.