அப்பா என்ற சொல்லுக்காக நான் வைத்த வேண்டுதல்

எட்டு மாதம் என் மகள் எங்கள் வீட்டுக்குள் வாய் திறந்து பேசவில்லை. மாரியாத்தாளை நம்புகிற உங்களிடம் எதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் முதல் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் இறந்தபோது தர்ஷினிக்கு ஐந்து வயது. மல்லாங்கிணறு பக்கம் அவருடைய கரிசல்காட்டில் மூன்று வருடம் பருத்தி எடுத்துப் பிழைத்தேன். பிறகு என் அண்ணன் முன்னின்று, போன வைகாசியில் பாண்டி என்பவருக்கு என்னைக் கட்டிவைத்தார். அவர் அருப்புக்கோட்டையில் டிராக்டர் மெக்கானிக். வீடு பாலவனத்தத்தில். நல்ல மனுஷன். அதிகம் பேசமாட்டார்.

தப்பு என்னுடையதுதான். தாலி ஏறிய அன்றைக்கே, சொந்தக்காரர்கள் முன்னால், "அப்பானு கூப்பிடு" என்று பிள்ளையை அவர் பக்கம் தள்ளினேன். அவள் தரையைப் பார்த்தாள். கிள்ளினேன். அன்றைக்கு மூடிய வாய்தான். பள்ளிக்கூடத்தில் பேசுவாள், வாசப்படி மிதித்தால் ஊமை. என்னிடம்கூடத் தலையாட்டல்தான். அவர் ஆசையாக வாங்கிவந்த பலகாரம் பிரிக்காமலே எறும்பு மொய்த்துக் கிடக்கும்.

கெஞ்சினேன். அடித்தேன். "கூப்பிட்டாத்தான் சோறு" என்று ஒரு நாள் தட்டை எடுத்து வைத்துவிட்டேன். பசியோடு படுத்துக்கொண்டாள். நாளுக்கு நாள் உடம்பு வற்றியது. ஐப்பசியில் பள்ளிக்கூடத்திலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் கம்மி என்றார்கள். "வீட்டுல என்னம்மா பிரச்சினை?" என்று டாக்டரம்மா கேட்டார். இந்தக் கல்யாணத்தையே முறித்துக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன். போவதற்கும் இடமில்லை.

மாரியம்மனிடம் விழுந்தேன். "பிள்ள வாயால அவுகள அப்பானு கூப்பிட வையி ஆத்தா. மாவிளக்கு எடுக்கேன்." நாற்பத்தெட்டு நாள் ஈரச் சேலையோடு கோயிலைச் சுற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசி நாள், தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பிள்ளையையும் கூட்டிப்போனேன். "ஒனக்குக் கண்ணு இல்லையா?" என்று சன்னதியிலேயே ஆத்தாளைத் திட்டினேன். அழுகை தாங்காமல் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. தர்ஷினி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆத்தாளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா போட்டோவ அம்மா பெட்டிக்குள்ள போட்டுட்டாக. நானும் இவுகள அப்பானு சொல்லிட்டேன்னா எங்கப்பாவுக்கு யாருமே இருக்க மாட்டாக. நீயாச்சும் அம்மாட்ட சொல்லு."

புதுப் புருஷன் மனசு நோகக் கூடாதென்று அந்தப் படத்தை மறைத்தது நான். அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்தார். வேட்டித் தலைப்பால் துடைத்தார். பிள்ளை உட்கார்ந்து படிக்கிற இடத்துக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார்.

"இவுகதான் ஒனக்கு அப்பா, தாயி. நான் அந்த எடத்துக்கு வரல. என்னய எப்பிடிக் கூப்பிடத் தோணுதோ அப்பிடிக் கூப்பிடு. தோணலன்னா விட்டுரு."

அன்றைக்கு அவள் இரண்டாம் தரம் சோறு கேட்டுத் தட்டை நீட்டினாள். மாசியில் என்னிடம் ஒன்றிரண்டு வார்த்தை பேச ஆரம்பித்தாள். அவரிடம் இல்லை. இனிமேல் பேசுவாள் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவள் மனசு ஆறட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

பங்குனியில் ஒரு நாள் காலை. அவர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் நின்ற என் காதில் விழுந்தது.

"சித்தப்பா, செருப்பு அந்துபோச்சு. பஸ்ஸு போயிரும். கொண்டுபோய் விடுறீகளா?"

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "வா தாயி" என்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து ஆத்தாளைக் கும்பிட்டேன்.

சொன்னபடி மாவிளக்கு எடுத்தேன். "நீ கேட்டது நடக்கலியே மதினி, பெறகு எதுக்கு?" என்றாள் என் நாத்தனார். உண்மைதான். இன்றைக்கும் சித்தப்பாதான். சில நாள் இன்னும் பேசாமல் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நான் கேட்டதை ஆத்தா தரவில்லை. என் பிள்ளை கேட்டதைத் தந்தாள்.

பிள்ளையோடு மறுவாழ்வுக்கு வந்து என்னைப்போல் தவிக்கிற அக்கா தங்கச்சிகளே, ஆத்தா சன்னதிக்கு உங்கள் பிள்ளையையும் கூட்டிப்போங்கள். முதலில் அது வேண்டிக்கொள்ளட்டும்.