உரச்சாக்குக் கூடாரம்

போன வாரம் கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் ஓர் இளம்பெண், குழந்தை வண்டியைத் தடித்த துண்டால் சுற்றிலும் மூடிக்கொண்டிருந்தாள். “காத்து போகுமாம்மா?” என்று கேட்டுவிட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வண்டிக்கு ஒரு மறைப்பு நாமே தைத்தால் என்ன என்று அங்கேயே தோன்றியது. பழக்கடைத் தார்ப்பாய் வெயிலில் காய்ந்து நாறியது. அந்த வாடை போதும், இடைசெவல் பருத்திக்காட்டுக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்குப் பிளஸ் டூ பரீட்சை முடிந்திருந்த நேரம். அக்கா பருத்தி எடுப்பாள். அவள் ஆறு மாதக் குழந்தை செல்வியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தக் காட்டுக்கே ஒரே ஓர் உடைமரம். அதில் சேலைத் தொட்டில். நிழல் நகர நகரத் தொட்டிலைக் கிளை மாற்றிக் கட்ட வேண்டும். அறிவியல் படித்தவளுக்கு இது என்ன பிழைப்பு? வெள்ளை வெயிலைத் திருப்பிவிடும் என்று பாடத்திலேயே இருக்கிறதே! வெள்ளை உரச்சாக்குகளைக் கோணி ஊசியால் தைத்து, வெட்டவெளியிலேயே நாலு பக்கமும் மூடிய கூடாரம் போட்டுச் செல்வியை உள்ளே கிடத்தினேன்.

“ஏட்டி, காத்து எங்கன கூடி வரும்?” என்றாள் அக்கா.

“வெயிலு உள்ள வராதுல்லா. நீ போ.”

செல்வி சத்தமில்லாமல் கிடந்தாள். தூங்குகிறாள் என்ற பெருமையில் நான் வாரப்பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தேன். பால் கொடுக்க வந்த அக்கா உள்ளே கைவிட்டவள் அலறினாள்.

“பாவி மட்ட, புள்ளைய அவிச்சிட்டியேட்டி!”

முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. தலை துவண்டது. அக்கா மரத்தடிக்குத் தூக்கிப்போய்ச் சட்டையைக் கழற்றி, ஈர முந்தானையால் துடைத்துத் துடைத்து மார்பில் போட்டாள். வாய் வைக்கவில்லை. பருத்தி நிரையில் எடுத்துக்கொண்டு நின்ற பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். எவ்வளவு நேரமோ. பிறகு செல்வி சப்பினாள், வீறிட்டாள். அவரவர் நிரைக்குத் திரும்பினார்கள்.

“விஞ்ஞானி, நாளைக்கும் நீதான் பாக்கணும்” என்றாள் அக்கா. “நூல் சேலையக் கட்டு. ரெண்டு பக்கம் தொறந்து விடு. நெழலு போற எடத்துக்கு நீயும் போ.”

அறுவடை முடியும்வரை போனேன்.

நாற்கரச் சாலை வந்தபோது உடைமரம் போய்விட்டது. பருத்திக்காட்டில் பாதி இப்போது லாரி நிறுத்துமிடம். செல்விக்கு இது நிறைமாதம். அக்காவின் பழைய நூல் சேலை ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்: பிறக்கப்போகும் பிள்ளையின் வண்டிக்கு மேலே மட்டும் மறைப்பு, சுற்றிலும் திறப்பு. ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், மொட்டைமாடியில், முதலில் என் தலையை அதற்குள் வைத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்.