குடிக்காத தேத்தண்ணி

வவுனியாவுக்கு அப்பால் ஒரு கிராமத்தில், சிறுநீரக நோய் ஆய்வுக்காகக் கிணற்றுத் தண்ணீர் சேகரித்தவன் நான். "முடிவு வந்தவுடன சொல்லுறன்" என்று வீடு வீடாக வாக்குக் கொடுத்தேன். சொல்லவில்லை. முடிவுகள் அலுவலகக் கணினியில் கிடந்தன.

பிறகு வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் தரவு கேட்டார். படிவம் நிரப்பி, பல்கலைக்கழகக் கடிதம் இணைத்தார். எல்லாக் கிணறுகளின் முடிவும் அவர் கைக்குப் போயிற்று. அனுப்பியவன் நான்தான்.

கணவனை அதே நோய்க்குப் பறிகொடுத்த ஓர் அக்காவும் தன் கிணற்றின் முடிவைக் கேட்டு அந்தப் படிவத்தை நிரப்பித் தந்தார். 'நிறுவனம்' என்ற இடத்தில் "எங்கட வீடு" என்று எழுதியிருந்தார். தரவு கொடுப்பதைத் தீர்மானிக்கும் குழு நிராகரித்தது. நிராகரிப்புக் கடிதத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனவனும் நான்தான். அந்தக் கிணற்றைக் கண்ணாலும் காணாதவருக்குக் கொடுக்கலாமாம்; தினமும் அள்ளிக் குடிப்பவருக்குக் கூடாதாம்! என்ன சட்டம் இது?

அக்கா கடிதத்தை மடித்து வைத்தார். "இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

தேநீர்க் கோப்பை என் முன்னால் ஆறியது. அது குடிக்கக் கூடாத கிணற்றுத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். கை நீளவில்லை.

அவர் கோப்பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"விளங்கிட்டுது தம்பி."

சட்டத்தின் மீது எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் அவரிடம் உண்மையைச் சொல்லப் பயந்த நான், என் உயிரைக் காத்துக்கொள்ள மட்டும் எந்தக் குழுவின் அனுமதியையும் கேட்கவில்லை.