அவள் கை தேடிய இடம்

உப்பைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் சொல்லத் தெரியாத ஒருவருக்குச் சமைக்கத் தெரியும் என்று சொல்லலாமா, கூடாதா? விசில்காரர் வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தபோது, அடுத்த வீட்டில் இருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை.

விசில்காரர் என்பது தெருப் பிள்ளைகள் வைத்த பெயர். மிக்ஸி, மின்சாரக் கெட்டில், பிரஷர் குக்கர் என்று அடுப்படியில் சுற்றுகிற, கொதிக்கிற எதுவானாலும் அவர் பழுது பார்ப்பார். குக்கர் என்றால் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றி, விசிலைக் காதால் கேட்ட பிறகுதான் திருப்பித் தருவார். கடையில் ஒரு பலகையைச் சுவரோடு அடித்திருந்தார். ஒவ்வொரு கருவியையும் அதன்மேல் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டிருந்தார். குறடு வடிவக் கோட்டில் குறடுதான் தொங்க வேண்டும். அங்கே திருப்புளி தொங்கினால் அன்றைக்கு யாருக்காவது நல்ல அர்ச்சனை கிடைக்கும்.

அவர் மனைவிக்கு ஒரு நாள் காலையில் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிச் சில வாரங்களில் கையும் காலும் ஓரளவு சொன்னபடி கேட்டன. வார்த்தைகள்தான் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்று நினைத்தால் வாயில் 'கதவு' வரும். மிக்ஸி அவளுக்கு பஸ் ஆகிவிட்டது.

"பஸ்ஸ நிறுத்துங்க" என்பாள், அது ஓடும்போது.

"கண்டக்டர் இன்னும் விசில் அடிக்கலையே" என்பார் அவர். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்ததும் முகம் வாடிவிடும். தான் சொன்னது தவறு என்று அவளுக்குத் தெரியும். சரியானது எது என்பதுதான் வராது. விரல்களை எண்ணச் சொன்னால் இரண்டோடு நின்றுவிடுவாள்.

மகள் வெளியூரிலிருந்து வந்தாள். இரண்டு நாள் கூட இருந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்.

"அப்பா, நீங்க கடைக்குப் போயிட்டா சாயங்காலம் வரைக்கும் அம்மா அடுப்போட தனியா இருக்கணும். தீப்பிடிச்சா கத்திக் கூப்பிடக்கூட வார்த்தை வராது. நான் கூட்டிட்டுப் போறேன்."

"அவளக் கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்வாங்க, கதவுன்னு சொல்வாங்க."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து போய், அடுப்படி வாசலில் நின்று கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

"சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். அம்மா யார் உதவியும் இல்லாம ஒரு வேளை சமைச்சுட்டா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா என்கூட வரணும். அப்புறம் நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

மகள் போன மறுநாளே விசில்காரர் கடையைப் பூட்டிவிட்டு அடுப்படிக்குள் இறங்கினார். அன்பு பொங்கினால் சிலர் கட்டிப்பிடிப்பார்கள். இவர் ஆணி அடிப்பார். சுவரில் பெரிய பலகை ஏறியது. கரண்டிக்கு, சல்லடைக்கு, வாணலிக்கு எல்லாம் கோடு போட்டார். அழுக்கேறிய பழைய டப்பாக்களைக் கழுவி அட்டைப்பெட்டியில் கட்டினார். ஒரே அளவில் கண்ணாடிச் சாடிகள் வாங்கி, பெயர் எழுதி ஒட்டி, வரிசையாக அடுக்கினார். கேஸ் அடுப்பை ஓரம் கட்டிவிட்டு, அதற்கான இடத்தைத் தொட்டால் எரியும், மறந்தால் தானே அணையும் மின்அடுப்பை வைத்தார். வேலை முடிந்ததும் தன் கைகளைத் தானே பார்த்துக்கொண்டார். அவ்வளவு பெருமை.

"இந்தாம்மா, வந்து பாரு. இனிமே நீ எதையும் ஞாபகம் வச்சுக்கவே வேண்டாம்."

அவள் உள்ளே வந்தாள். யாருடைய வீட்டுக்கோ வழி தவறி வந்தவள் போல நின்றாள். பருப்பில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டாள். தண்ணீர் ஊற்றாமல் அரிசியை வேகவைக்கப் பார்த்தாள். மின்அடுப்பின் கண்ணாடியை விரலால் தேய்த்து, எரியவில்லை என்றதும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்தடுத்த நாட்களும் இதே கதைதான். சனிக்கிழமை மதியம் அவர் அடுப்படி வாசலிலேயே தரையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். 'மக சொன்னதுதான் சரி போல' என்று மனம் சொன்னது.

அப்போது அவள் மறுபடியும் பருப்பை வைத்துவிட்டு அடுப்பின் முன் நின்றாள். அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய இடது கை நீண்டது. அடுப்புக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில், ஒன்றுமே இல்லாத வெறும் காற்றில் போய் நின்றது. நின்ற கையில் விரல்கள் வளைந்திருந்தன, எதனுடைய மூடியையோ திறப்பது போல. பிறகு குழம்பிப் போய்க் கீழே இறங்கியது. சற்று நேரம் கழித்து மறுபடியும் நீண்டது. அதே இடம், அதே வளைவு.

பருப்புக்கு அவள் தேடுவது உப்பாகத்தான் இருக்கும் என்று தோன்ற, அவர் எழுந்தார். அட்டைப்பெட்டியைப் பிரித்து, பழைய உப்பு டப்பாவைத் தேடி எடுத்து, அதில் உப்பை நிரப்பினார். அடுத்த முறை கை நீண்டபோது சத்தமில்லாமல் அதன் அடியில் டப்பாவைப் பிடித்தார்.

விரல்கள் மூடியைத் திருகின. மூன்று விரல் உப்பை எடுத்தன. உப்பு பருப்பில் விழுந்தது. அவள் டப்பாவைப் பார்க்கவே இல்லை.

அவர்தான் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். இத்தனை வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டவர்தான், ஆனால் உப்பு எங்கே இருந்தது என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மகளுக்கும் தெரியாது. அந்த அடுப்படியின் முழு வரைபடமும் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அதை வைத்திருந்தவளுக்கு அதன் பெயர்கூடச் சொல்ல வராது.

அன்று பொழுது சாய்வதற்குள் அவர் தன் பலகையைப் பிடுங்கினார். அவள் கை எங்கே போகிறதோ அங்கே ஒரு டப்பா. குனிந்தால் அங்கே அரிசி. திரும்பாமல் பின்பக்கம் கை நீட்டினால் அங்கே துணி. சில சமயம் அவர் தவறான டப்பாவை நீட்டுவார். கை அதைத் தொட்டதுமே ஒதுக்கிவிடும்.

"சரி சரி, கோவிச்சுக்காத. அடுத்தது தர்றேன்."

கேஸ் அடுப்பு பழைய இடத்துக்கு வந்தது. அவள் அதன் குமிழைத் திருகியபோது, அவர் வாழ்நாளில் பார்த்த எந்த இயந்திரமும் அத்தனை அழகாக ஓடியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வந்ததும் ஒரு கரண்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, இது என்ன சொல்லு?"

"செருப்பு" என்றாள் அம்மா.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர், "கேள்வி கேக்காத. உக்காரு" என்றார்.

குக்கர் ஏறியது. உருளைக்கிழங்கு நறுக்கப்பட்டது. மகள் வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்தாள். நடுவில் போன் அடித்தது, அம்மா எட்டிப் பார்த்தாள். முதல் விசில் வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது விசில் அடங்குவதற்குள், மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அம்மாவின் கை போய் அடுப்பை அணைத்தது. பக்கத்து அடுப்பில் பருப்பு நுரைத்து விளிம்பைத் தொடும் முன்பே தீ குறைந்தது.

"மூணுன்னு எண்ண வராதுன்னு சொன்னீங்களேப்பா?" மகளின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"வராது."

"அப்ப யாரு எண்ணினது?"

"அதத்தான் நானும் நேத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

மகள் தட்டை வாங்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். சோறும் பருப்பும் கிழங்கும்தான். முதல் வாயிலேயே அழுதுவிட்டாள். உப்பு அளவாக இருந்தது. தட்டைக் காலி செய்தாள். கை கழுவிவிட்டு வந்து சொன்னாள்:

"அம்மா இங்கயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. நீங்க இந்த ரூமுக்குள்ள இனிமே ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது."

"சுத்தியலையே கடையில வச்சுட்டேன் தாயி."

அம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மகளின் தட்டை இழுத்து இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் விசில்காரர் இதையெல்லாம் சொன்னாராம். பேச்சு ஒரு பக்கம் போனாலும் கைப்பழக்கம் சிலருக்குத் தங்கிவிடுவது உண்டு, எல்லோருக்கும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றாராம் அந்தப் பெண். பிறகு, "நானும் ஒரு நாள் வந்து பாக்கலாமா?" என்று கேட்டாராம். வந்தார், பார்த்தார், சாப்பிட்டுவிட்டும் போனார். அம்மா இன்றுவரை மிக்ஸியை பஸ் என்றுதான் சொல்கிறாள். அந்த வீட்டில் இப்போது எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்த யார் வீட்டிலாவது, பேச்சு போன ஒருவர் இருக்கலாம். வசதி பண்ணித் தருகிறோம் என்று நினைத்து அவருடைய அடுப்படியையோ மேசையையோ பெட்டியையோ யாரும் ஒழுங்குபடுத்திவிடுவதற்குள், தயவுசெய்து இந்தக் கதையை அந்த வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.