கொட்டாம்பட்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, இல்லாவிட்டால் எழுபத்தொன்பதாக இருக்கும். வைகாசி மாதம், மதுரை பஸ் ஸ்டாண்டு, பிற்பகல் மூன்று மணி. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்களுக்கு எழுமலைப் பக்கம் ஒரு கிராமம். கிணற்று மோட்டாரில் ஏதோ ஒரு சாமான் உடைந்துபோனதால் புதிதாக வாங்க மதுரைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர், நான் ஊரைப் பார்த்ததில்லையே என்று என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். கோயில் பார்த்தோம், சாப்பிட்டோம். பிறகு என்னை பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணடியில் உட்காரவைத்து, இடத்தை விட்டு நகரக் கூடாது, அரை மணியில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார்.

ஒரு மணி நேரமாகியும் அவர் வரவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போகக்கூட எனக்குப் பயம். சட்டைக் காலரைத் தூக்கிவிட்ட ஒருவன் வந்து எதிரில் நின்றுகொண்டு என்னையே பார்த்தான். தூணுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு அக்காதான் அவனைப் பார்த்து, "என்ன மாப்ள, பஸ்ல ஏறணுமா, என் மேல ஏறணுமா? தள்ளி நில்லு" என்றாள். அவன் போய்விட்டான். நான் சிரிப்பை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டேன்.

அந்த அக்காவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் தாலிக்கயிறு, மடியில் ஒரு துணி மூட்டை. கொட்டாம்பட்டி பஸ்ஸுக்குக் காத்திருப்பதாகச் சொன்னாள். மகள் அங்கே பாட்டி வீட்டில் வளர்கிறாளாம், பெரிய மனுஷியாகிவிட்டாளாம், மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றுகிறார்களாம். மூட்டையை அவிழ்த்து ஒரு பச்சைப் பாவாடையைக் காட்டினாள். பாவாடை நீளம் சரியாக இருக்குமா என்று என்னை எழுந்து நிற்கச் சொல்லி என் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் போலீஸ் வேன் வந்தது.

எதிரே இருந்த லாட்ஜிலிருந்து நாலு பெண்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களைத் தேடி வந்த ஆம்பளைகளில் ஒருவரையும் வேனில் ஏற்றியதாக நான் பார்க்கவில்லை. ஏட்டு ஒருவர் நேராக எங்களிடம் வந்து அந்த அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதுதான் அவள் யார் என்று எனக்குத் தெரிந்தது. அவள், இன்றைக்கு ஊருக்குப் போகிறேன், வீட்டில் சடங்கு என்று எவ்வளவோ சொன்னாள். அவர் காதில் வாங்கவில்லை. பாவாடை இன்னும் என் இடுப்பிலேயே இருந்தது. "புதுசா ஒண்ணு தயார் பண்றியா?" என்று கேட்டு என் கையையும் பிடித்து இழுத்தார். சுற்றி அத்தனை சனம் நின்று பார்த்தது.

ஸ்டேஷனில் எங்களை வரிசையாகத் தரையில் உட்காரவைத்தார்கள். கேஸ் எழுதுகிறவரை ரைட்டர் என்றார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேர், ஊர், புருஷன் பேர் கேட்டு எழுதினார். விபச்சார கேஸ், நாளைக்குக் கோர்ட்டு என்று பேசிக்கொண்டார்கள். அந்த நோட்டில் என் பேர் ஏறிவிட்டால் ஊருக்குள் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நுழைவது? என் அப்பா உயிரோடு இருப்பாரா?

என் முறை வந்தது. பேர் சொன்னேன், ஊர் சொன்னேன். புருஷன் பேரைக் கேட்டபோது எனக்கு வாய் கட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் கட்டியவன் பேரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது, சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்லித்தான் பழக்கம். சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஏட்டு சிரித்தார். "ஒருத்தனா இருந்தாத்தானே பேரு ஞாபகம் இருக்கும்" என்றார். தாலியைத் தூக்கிக் காட்டினேன். இங்கே இருக்கிற எல்லாருந்தான் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

அப்போது பின்னாலிருந்து அந்த அக்கா எழுந்தாள்.

"அய்யா, எங்ககிட்டப் புருஷன் பேரைக் கேட்டா பத்துப் பேரைச் சொல்லுவோம். இவ ஒரு பேரு சொல்ல இம்புட்டு நடுங்குறா. இதுலயே தெரியலையா, குடும்பத்துக்காரின்னு?"

ஏட்டு லத்தியால் அவள் தோளில் ஒரு போடு போட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. என்னைப் பார்த்து, எதிலும் பேனாவை வைக்காதே என்றாள். பிறகு, "என்ன சாமி பேரு தாயி? முருகன் பேரா, அய்யனார் பேரா, காவக்காரச் சாமியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். காவல் சாமி என்றதும் தலையாட்டினேன். எங்கள் பக்கத்துச் சாமிகள் பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாலாவது பேருக்கு நான் தலையாட்டினேன். ரைட்டர் எழுதிக்கொண்டார். கொஞ்சம் நல்ல மனுஷர் போல. ஒரு போலீஸ்காரரை அனுப்பி பஸ் ஸ்டாண்டு மைக்கில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடவைத்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து என் வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். கையில் மோட்டார் சாமானும் கடை ரசீதும். வயசுப் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டுப் போவியா என்று இன்ஸ்பெக்டர் அவரைச் சத்தம் போட்டார். எனக்குப் போன உயிர் வந்தது.

ஆனால் கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒன்று கேட்டார். அந்த அக்காவைக் காட்டி, "இவ அங்க என்ன பண்ணிட்டிருந்தா? ஆளுகளக் கூப்பிட்டாளா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் நான் அவள் பக்கத்தில் இருந்தவள். அவள் ஒருத்தரையும் கூப்பிடவில்லை, வந்து நின்றவனையும் விரட்டிவிட்டாள், மகளைப் பார்க்க பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். எனக்கு எல்லாம் தெரியும். என் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார். அவளோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று இவர் முன்னால் எப்படிச் சொல்வது? நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா" என்று அவரே சொல்லி என் கையைப் பிடித்து இழுத்தார். மேசை மேல் அவள் மூட்டை அவிழ்ந்து கிடந்தது.

அவள் கோபப்படவில்லை. "போ தாயி, உங்க ஊருக்குக் கடைசி பஸ் போயிரும்" என்றாள், அவ்வளவுதான்.

பஸ்ஸில் இவர் மோட்டார் சாமானை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் நெருங்கும்போது, நடந்ததை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னார். இவர் காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. இப்போதுதான் முதல் முறையாக வெளியில் சொல்கிறேன்.

மறுநாள் அவளைக் கோர்ட்டில் என்ன செய்தார்கள், அபராதமா, பெண்கள் காப்பகமா, எனக்குத் தெரியாது. அவள் இல்லாமலே அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அந்தத் தொழில் சரியா தப்பா, அதற்குச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்ல நான் படித்தவள் இல்லை. அஞ்சாவதோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு அவள் எந்தத் தொழிலும் செய்யவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். அன்று இரண்டு தடவை எனக்கு வாய் வரவில்லை. முதல் தடவை ஊர் வழக்கம் தடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவைக்கு என்னைத் தவிர வேறு யாரைச் சொல்ல?