அங்கே மம்மா

என் மாமாவுக்கு இத்தாலி மொழி தெரியும் என்று நம்பியவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர். ஒருவர் மாமா. மற்றது நான்.

மாமா என் அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, இத்தாலியில் பலெர்மோ நகரத்தில் ஒரு வீட்டில் வேலை செய்து, பிறகு நியூசிலாந்துக்கு வந்து கிளென் ஈடனில் எங்களோடு இருந்தார். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். சந்தியில் இருந்த டெயரிக் கடையில் பால் வாங்கவே விரலால் காட்டுவார். இங்கிலீசே நுழையாத வாய்க்குள் இத்தாலி எந்த வழியால் நுழையும் என்பது அப்பாவின் கேள்வி. "நான் இத்தாலியில இருக்கேக்க..." என்று மாமா தொடங்கினால் போதும், "பிள்ளை, யன்னலைத் திற, புளுகு நிரம்பப்போகுது" என்பார்.

அம்மா முதியோர் இல்லத்தில் நேர்ஸ். பகலென்றும் இரவென்றும் இல்லாமல் வேலை. எனக்குச் சாப்பாடு கட்டுவதும், பள்ளிக்கூடத்தால் கூட்டி வருவதும், தலை பின்னுவதும் மாமாதான். பின்னல் எப்போதும் ஒரு பக்கம் கோணும், அது வேறு கதை. அப்படிப்பட்டவர் புளுகராகிவிட்டால் என்னால் தாங்க முடியாது.

எனக்கு ஏழு வயதிருக்கும். ஹென்டர்சன் பக்கம் பெரிய இத்தாலியச் சாப்பாட்டுச் சந்தை ஒன்று இருப்பது அப்பாவுக்குத் தெரியவந்தது. "வா மச்சான், உன்ர ஆக்களைப் பாத்திட்டு வருவம்" என்றார். இன்றைக்கு மாமாவின் சாயம் வெளுக்கும் என்று அவர் முடிவு கட்டியிருந்தது எனக்கே தெரிந்தது. மாமா மட்டும் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் சேர்ட்டை அயர்ன் பண்ணி உடுத்தினார்.

உள்ளே போனதும் எனக்கு வாய் மூடவில்லை. கார்ச் சில்லு அளவில் சீஸ் கட்டிகள். என்னைவிட உயரமாகத் தக்காளி டின்கள். கூரையிலிருந்து பன்றித் தொடைகள் தொங்கின. சைவக்காரரான அப்பா அவற்றின் கீழே தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். மாமாவோ மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, நேரே சீஸ் விற்கும் இடத்துக்குப் போய், அங்கே நின்ற பெடியனிடம் இத்தாலியில் நீளமாக ஏதோ சொன்னார்.

பெடியன் முழித்தான். பிறகு, தான் பிறந்து வளர்ந்தது எல்லாம் ஹென்டர்சன் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அப்பா மீசைக்குள் சிரித்தார். அது நாலு வார்த்தை சொன்னதைவிட மோசம். மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் திரும்பி நடந்தேன். மக்கரோனிப் பைகளுக்கு நடுவில் இரண்டு தரம் திரும்பியதில் வழி தவறிவிட்டது. பயத்தில் "மாமா! மாமா!" என்று கத்தினேன்.

ஏப்ரன் முழுக்க மா பூசியிருந்த ஒரு வயதான அம்மா ஓடி வந்தார். "மம்மா? மம்மா?" என்று கேட்டார். இவருக்கு எப்படி மாமாவைத் தெரியும் என்று ஆச்சரியப்பட்டபடி தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பட்ட பெண்களையெல்லாம் காட்டி, "மம்மா?" என்றார். ஒரு சீனப் பெண்ணைக்கூட விடவில்லை. நான் இல்லை இல்லை என்று அழுதேன். கடைசியில் மாமா ஓடி வருவது தெரிந்தது. பின்னால் அப்பா.

"மாமா!" என்று பாய்ந்தேன். அந்த அம்மா மாமாவின் மீசையைப் பார்த்தார், தொந்தியைப் பார்த்தார். "மம்மா?"

மாமா வாய் திறந்தார். குழாயைத் திறந்துவிட்டதுபோல் இத்தாலி கொட்டியது. அந்த அம்மா கையைத் தட்டிச் சிரித்தார், மாமாவின் கன்னத்தைக் கிள்ளினார், பதிலுக்குத் தானும் கொட்டினார். அப்பா பன்றித் தொடைக்குக் கீழே நிற்பதைக்கூட மறந்து நின்றார். எனக்கு வந்த பெருமையில் அழுகை நின்றுவிட்டது. என்ர மாமா!

அந்த அம்மா என் கோணல் பின்னலைத் தொட்டு ஏதோ கேட்டார். மாமா தன் நெஞ்சைத் தொட்டு, "அங்கே மம்மா" என்றார். அம்மா அங்கே என்கிறார் என்று நினைத்து நான் வாசலைப் பார்த்து, "யெஸ், அம்மா இஸ் அற் வேர்க்" என்று உதவி செய்தேன். சிரித்துக்கொண்டிருந்த அந்த அம்மா சிரிப்பை நிறுத்தி என் உச்சியில் கொஞ்சினார். ஏன் நிறுத்தினார் என்று எனக்குப் புரியவில்லை.

வீடு திரும்பும்போது அப்பா, "மச்சான், நன்றிக்கு அவங்கள் என்ன சொல்லுறவங்கள்?" என்று கேட்டார். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

அன்று பின்னேரம் அம்மா வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே சொன்னேன். "அம்மா, மாமா ரியலி இத்தாலியன் கதைச்சவர்! உங்களைப் பற்றியும் சொன்னவர், அங்கே மம்மா எண்டு."

"என்னைப் பற்றியோ?" அம்மாவின் களைத்த முகம் மலர்ந்தது. மாமா ஸ்பகெட்டித் தண்ணீரை வடித்தபடி, "ஓம் அக்கா" என்றார்.

போன வருடம் என் அலுவலகத்தில் ஓர் இத்தாலியப் பெண் சேர்ந்தாள். காப்பி குடிக்கப் போகிறேன் என்றேன். "அங்கே இயோ" என்று அவளும் எழுந்தாள். எங்கே என்று நான் திரும்பிப் பார்க்க, அவள் சிரித்து விளக்கினாள். இயோ என்றால் நான். அங்கே என்றால் நம்முடைய 'உம்'. நானும், நீயும் என்கிறோமே, அந்த 'உம்'.

மாமா அன்றைக்குத் தன் நெஞ்சைத் தொட்டது நினைவுக்கு வந்தது. காப்பியை விட்டுவிட்டு, இப்போது பிளாக்ஹவுஸ் பேயில் இருக்கும் மாமாவுக்குப் போன் எடுத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "மம்மா" என்றேன்.

"பிள்ளைக்கு இப்பதான் விளங்கினதோ?" என்றார்.