அடிபம்பு வரைக்கும்

அடிபம்பைத் தாண்டியதும் மிக்கேலம்மாளின் வலது கால் நொண்ட ஆரம்பிக்கும். அதுவரை பால் தூக்குப்போசியை வீசிக்கொண்டு விறுவிறுவென்று வந்த கால்தான். பம்பிலிருந்து நாலாவது வீடு தங்கச்சி அருள்ராணியுடையது. அந்த வாசலில் உட்கார்ந்தால் பம்பு வரைக்கும் தெரியும்.

இரண்டு பேரும் என் சித்தப்பன் சின்னப்பன் மகள்கள். சித்தப்பன் திருவிழாவுக்குப் புடவை எடுத்தால் இரண்டும் ஒரே நிறம், ஒரே கரை. காது குத்தியது ஒரே நாள். தாலி ஏறியதும் ஒரே பூசையில். அறுபதை நெருங்கும்போது சரவாங்கி வாதமும் ஒன்றுபோல வந்து இருவர் வலது கணுக்காலிலும் உட்கார்ந்துகொண்டது. ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள். "நாலு காலுல ரெண்டுதான் தேறும்" என்று மிக்கேலம்மாளே சொல்லிச் சிரிப்பாள்.

மகன் ஃபிராங்க்ளின் அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப் போனான். தேய்ந்த கணுக்கால் மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்தார்கள். ஆறு மாதத்தில் வலி போய்விட்டது. கோயிலில் மண்டி போட்டாள். பார்க்கிறவர்களுக்கெல்லாம் தழும்பைக் காட்டி, "வண்டிக்குப் பேரிங் மாத்தற மாதிரி மாத்திட்டாங்க" என்பாள்.

மறு வருசம் தங்கச்சியையும் அங்கேயே கூட்டிப் போனாள். டாக்டர் சொல்லத்தான் சொன்னார்: "இவங்களுக்குச் சர்க்கரை அதிகம். புது மூட்டு வெச்சா சீழ் பிடிக்கலாம். சர்க்கரையைக் குறைச்சுட்டு வாங்க, மூட்டை அசையாமப் பூட்டிடலாம்."

"பூட்டிட்டா அவ எப்படிங்க மண்டி போடுவா? எனக்கு வெச்சதையே அவளுக்கும் வெச்சு வுடுங்க. எங்கப்பன் எங்களுக்குப் பிரிச்சு எடுத்ததே இல்லீங்க."

டாக்டர் அருள்ராணியைப் பார்த்தார். "அக்கா சொன்னா சரிங்க" என்றாளாம் அவள்.

ஊசி போட்டுச் சர்க்கரையைக் குறைத்துத்தான் செய்தார்கள். புண் ஆறவில்லை. சீழ் வைத்தது. வைத்த மூட்டைக் கழற்றிக் கடைசியில் கம்பி போட்டுப் பூட்டினார்கள். கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது, வலியும் முழுசாகப் போகவில்லை. கோயிலில் எல்லோரும் மண்டி போடும்போது அருள்ராணி நாற்காலியில் இருக்கிறாள். அக்காவும் மண்டி போடுவதில்லை, பக்கத்தில் நின்றுகொள்கிறாள். தழும்பை இப்போது யாருக்கும் காட்டுவதில்லை.

"அண்ணா, ஒரு நாளாவது அவ என்னைத் திட்டணும். திட்டவே மாட்டேங்கறா" என்றாள் என்னிடம்.

போன வாரம் நான் அருள்ராணி வீட்டில் இருந்தபோது அக்காக்காரி நொண்டிக்கொண்டே வந்து பால் ஊற்றினாள்.

"பூட்டுன காலு எனக்கு. நொண்டறது நீயாக்கா?"

"குளுருக்குப் புடிச்சுக்கிச்சு."

"சித்திரையில குளுரா? கேளுங்கண்ணா இவ பேச்சை!" அருள்ராணி சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "நேரா நட, அக்கா. ஒண்ணாவது நல்லா நடக்குதான்னு பாக்கத்தானே தெனமும் வாசல்ல உக்காந்திருக்கறேன்."

மிக்கேலம்மாள் போசியை மூடிக்கொண்டு இறங்கினாள். நானும் பின்னாலேயே கிளம்பினேன். ஒரு தடவைகூடத் திரும்பாமல், முதுகை நிமிர்த்தி, காலை நேராக ஊன்றி ஊன்றி நடந்தாள். தங்கச்சி பார்க்கிறாள் என்று அவள் முதுகுக்குத் தெரிந்திருந்தது.

அடிபம்பைத் தாண்டினோம். இனி அந்த வாசலுக்குத் தெரியாது. அங்கே போசியைக் கை மாற்றிக்கொண்டாள். வலது கால் நொண்ட ஆரம்பித்தது.